கனடா மெத்தையில் கிடந்த பள்ளம்

சண்டிலிப்பாய்,
பங்குனி மாதம்.

கனடா தேசத்தில் குளிரையும் வென்று சுகமாக வாழும் என் அன்பு மச்சான் அருளம்பலத்துக்கு, உமது அக்கா மீனாம்பிகையின் கணவன் தியாகராசா எழுதுவது. நாங்கள் இங்கே பிள்ளையாரின் காவலில் நலமாக இருக்கிறோம், உமது அக்காவின் இடுப்பைத் தவிர. நீரும் உமது மனைவி உதயகலாவும் பிள்ளைகளும் அங்கே நலமாக இருக்க அந்தப் பிள்ளையாரே துணை. அவருக்குக் குளிர் பழக்கமில்லை, ஆனாலும் வருவார்.

தெரியாத கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். இங்கே ஒருவரும் சாகவில்லை. இங்கே என்று எழுதியிருப்பதைக் கவனிக்கவும். அங்கே செத்தவர்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு சந்தோசமான செய்தி. இதை எழுதுவது நானேதான். எங்கள் வாசிகசாலையில் நிவேதனா ரீச்சர் பின்னேரங்களில் என்னைப் போன்றவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறா. எழுபது வயது கடந்து, புகையிலைக்குத் தண்ணீர் இறைத்த கையால் இப்போது எழுதுகிறேன். ஒரு பக்கத்துக்கு ஒரு பின்னேரம் செல்கிறது. ஆனால் மச்சான், இது எவ்வளவு சுகமான வேலை என்று இதுவரை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வாயால் கதைத்தால் உமது அக்கா பாதியில் மறிப்பாள். எழுதும்போது மறிக்க ஆளில்லை. இவ்வளவு காலமும் உமக்கு வந்த கடிதங்களையெல்லாம் அவளே எழுதினாள், உம்முடையதை அவளே வாசித்தும் காட்டினாள். ஆகவே என்னை நீர் ஒரு நாளும் முழுதாகக் கேட்டதில்லை. இனிக் கேட்பீர். போனில் கேட்டிருக்கலாமே என்று நினைப்பீர். போன் அவளிடம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையணைக்குக் கீழே இருக்கிறது. நான் கேட்கப்போவது அவளுக்குத் தெரியவே கூடாத விசயம்.

மாசி மாதக் கடைசியில் அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததும், இடுப்பு எலும்பு உடைந்து இரும்புத் தகடு வைத்ததும் உமக்குத் தெரியும். உமக்குத் தெரியாதது டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னது. “ஐயா, வீட்டை கொண்டுபோனாலும் அம்மா கன நாளைக்குப் படுக்கையிலைதான். உங்கடை பழைய பஞ்சு மெத்தை சரிவராது. முதுகிலை புண் வந்துதெண்டால் திருப்பி இஞ்சைதான் கொண்டுவர வேணும். பேந்து நான் ஒண்டும் சொல்லேலாது” என்றார். ஒன்றும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னால் அதில் எல்லாம் சொல்லியாயிற்று என்பது எனக்கு விளங்கியது. எங்கள் இலவம்பஞ்சு மெத்தை உமக்குத் தெரியாததல்ல, எங்கள் கலியாணத்துக்கு உமது வீட்டிலிருந்து வந்ததுதான். பஞ்சு முழுவதும் இப்போது கட்டி கட்டியாகிவிட்டது. அதில் படுப்பது மரவள்ளிக்கிழங்குச் சாக்கில் படுப்பது போல. நான் பழகிவிட்டேன், எந்தக் கிழங்கு எங்கே இருக்கிறதென்று என் முதுகுக்குத் தெரியும். உடைந்த இடுப்போடு வருகிறவளை அதில் எப்படிக் கிடத்துவது? அவள் இல்லாத வீட்டில் நான் இருந்தது இதுவரைக்கும் போதும். இரண்டாந்தரம் அவளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்ப என்னால் ஏலாது. இதைத் தவிர வேறு எதையும் நான் இப்போது யோசிப்பதில்லை. இந்தக் கடிதத்தில் எங்கேயாவது நான் சூடாகிவிட்டால் அந்த இடத்தில் இதை நினைத்துக்கொள்ளவும்.

இப்படி நான் தலையில் கை வைத்துக்கொண்டிருந்த வேளையில் உமது பெட்டி கப்பலில் வந்து சேர்ந்தது. நான் கேட்கவில்லை, நீரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. கேட்காமல் வருவது அங்கே ஒருவருக்கும் வேண்டாத சாமானாகத்தான் இருக்கும். போன முறை நீர் அனுப்பிய குளிர்ச்சட்டையைத் தோட்டத்து வெருளிக்குப் போட்டிருக்கிறேன். காகங்கள் அதை மதித்து நடக்கின்றன, அதற்கு நன்றி. ஆனால் இந்த முறை வந்தது மெத்தை. வான் வண்டியில் கொண்டுவந்து இறக்கியவர் குருநகர் எமில்ராஜ், வெளிநாட்டுப் பெட்டிகளை வீடு வீடாகக் கொடுக்கிறவர்.

“ஐயா, உதுக்கை மெத்தை” என்றார். பெட்டி ஒரு மா மூட்டை அளவுதான் இருந்தது. உதற்குள் எப்படி மெத்தை வரும் என்று கேட்டேன். “காத்தை உறிஞ்சிப்போட்டுச் சுத்திக் கட்டியிருக்கினம். வெட்டி விட்டால் எழும்பும்.” படுக்கிற சாமான் எழும்பும் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது. விறாந்தையில் வைத்துப் பொலித்தீனை வெட்டினோம். அது ஸ் என்று ஒரு நீண்ட சத்தம் போட்டது. பிறகு தோசை மா பொங்குவது போல, அவசரமில்லாமல், எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே எழும்பத் தொடங்கியது. நாங்கள் வாசலுக்குப் பின்வாங்கினோம். “உது மூச்செடுக்குது ஐயா” என்று எமில்ராஜ் சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு ஒரு மணம் வந்தது. கோடாலித் தைல மணம். நான் அவரைப் பார்த்தேன்.

“உதுக்கு ஏன் முழிக்கிறியள்? கனடாப் பெட்டி எல்லாம் உந்த மணம்தான். லண்டன் பெட்டியும் உதுதான், சுவிஸ் பெட்டியும் உதுதான். எங்கடை சனம் போன இடமெல்லாம் கோடாலித் தைலம்.”

“அது மனிசருக்கு. புது மெத்தைக்கு எங்கை நாரி நோ, முதுகு நோ வந்தது?” என்று கேட்டேன். அவர் அடுத்த வீட்டுப் பெட்டி இருக்கிறதென்று வானை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தேன். மெத்தை நாலு மூலையும் நிரம்பி நிமிர்ந்து கிடந்தது, நடுவைத் தவிர. நடுவில் ஒரு பள்ளம். வெறும் பள்ளமென்றால் நான் கடிதம் எழுதமாட்டேன். தலை வைக்கிற இடத்தில் வட்டமாக, பிறகு தோள், பிறகு மடங்கிய முழங்கால். மச்சான், அதில் ஓர் ஆள் படுத்திருந்தது, ஆளைத் தவிர மற்றெல்லாம் அங்கே இருந்தது.

பக்கத்து வளவு இரத்தினம்மாவைக் கூப்பிட்டேன். அவவை உமக்கு ஞாபகமிருக்கும். இந்த ஊரில் செத்தவீடு என்றால் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்புகிறவ. ஈரக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, பள்ளத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து கன நேரம் பார்த்தா.

“அண்ணை, உது பொம்பிளை.”

“எப்பிடித் தெரியும்?”

“ஆம்பிளையள் மல்லாக்க விழுந்து கிடப்பாங்கள். உவ ஒருக்களிச்சுப் படுத்திருக்கிறா. கட்டை மனிசி, வயது போனவ. சீனி வருத்தமும் இருந்திருக்கும்.”

“சீனி வருத்தம் பள்ளத்திலை எப்பிடித் தெரியும்?”

“கனடாவிலை ஆருக்கண்ணை இல்லை?”

அவ எழும்பி, என்னைப் பார்த்து, “அருளம்பலத்தின்ரை மாமி மோசம் போனது ஐப்பசியிலை தானே” என்றா. அவ்வளவுதான். உமது மாமி, உதயகலாவின் தாய், உமது வீட்டிலேயே கன காலம் படுக்கையில் இருந்து காலமானது எங்களுக்குத் தெரியும். அந்த ஆத்மா நல்ல இடத்தில் இருக்கட்டும், அவவோடு எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் நாங்கள் என்ன செய்கிறோம் என்பது நீர் அறியாததல்ல. ஊரில் அதை எரிப்போம். கப்பலில் ஏற்றிச் சொந்தக்காரருக்கு அனுப்புகிற வழக்கம் எங்கள் வலிகாமத்தில் இல்லை. அங்கே புதிதாக வந்திருந்தால் தயவுசெய்து எழுதவும்.

பள்ளத்தை உமக்குப் படம் பிடித்து அனுப்பலாமென்றால் போன் இல்லை. பொழுதுபடுகிற நேரம் பார்த்தால் பள்ளமும் இல்லை. தோள் மறைந்து, முழங்கால் மறைந்து, கடைசியாகத் தலையும் மறைந்து, மெத்தை ஒன்றுமறியாத பிள்ளை போல மட்டமாகக் கிடந்தது. சாட்சி எழும்பிப் போய்விட்டது. நல்ல வேளையாக அதற்கு முன்பே நான் பள்ளத்தின் நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டி வைத்துக்கொண்டேன். கயிறு அலுமாரிக்குள் இருக்கிறது.

அடுத்த நாள் தொடக்கம் நான் அந்த மெத்தையை விசாரிக்கத் தொடங்கினேன். கையால் ஓங்கி அறைந்தால் பலகை போல நின்றது. அதே கையை மெதுவாக வைத்தால் சேற்றில் போவது போல உள்ளே போனது. கையை எடுத்தால் கையின் அடையாளம் கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தது. விடிய வெள்ளன விறைத்துக் கிடக்கும். மத்தியான வெயில் ஏற ஏற இளகிக் களி போல ஆகிவிடும். முட்டை ஒன்றை இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டுப் பார்த்தேன், உடையவில்லை. அம்மிக் குழவியைக் கிடத்தினேன், உள்ளே தாண்டு போனது. குழவியை எடுத்த பிறகும் அங்கே ஒரு குழவி கிடந்தது. மச்சான், நான் தோட்டக்காரன். கல் என்றால் கல், தண்ணீர் என்றால் தண்ணீர். தண்ணீரில் விழுந்தால் நனைவோம், கல்லில் விழுந்தால் நோகும். இதில் விழுந்தால் என்ன நடக்கும் என்பதை அது பிறகுதான் யோசித்து முடிவெடுக்கிறது. அப்படியான ஒன்றை நம்பி உடைந்த இடுப்பை எப்படிக் கொடுப்பது?

நிவேதனா ரீச்சரிடம் கேட்டேன். அவ சிரித்தா. “ஐயா, சில சாமான்கள் கெட்டிக்கும் தண்ணிக்கும் நடுவிலை நிக்கும். கெதியா அமத்தினால் கெட்டி மாதிரி, ஆறுதலா அமத்தினால் தண்ணி மாதிரி. றோட்டுக்குப் போடுற தாரைப் பாருங்கோ. சுத்தியலாலை அடிச்சால் வெடிக்கும், வெயிலிலை சும்மா விட்டால் வழியும். தேங்காய்ப்பாலிலை கிண்டுற தொதலும் அப்பிடித்தானே, வெட்டேக்கை துண்டு, வைச்சுவிட்டால் கரையெல்லாம் இறங்கும். உங்கடை மெத்தையும் உந்தச் சாதிதான். உது பேயில்லை, இரசாயனம்.”

ரீச்சரை நான் மதிக்கிறேன், எனக்கு ஞ எழுதப் பழக்கியவ. ஆனாலும் அந்த விளக்கம் என் சந்தேகத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. இரண்டு பக்கமும் நிற்கிற ஒன்றை எப்படி நம்புவது? எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவரும் அந்தச் சாதிதான். கூட்டத்தில் எழும்பி அவசரமாக ஒன்று கேட்டால் கருங்கல். வீட்டுக்குப் போய் ஆறுதலாக அமத்தினால் இளகி எல்லாவற்றுக்கும் ஓம் என்பார். திரும்பி வந்து பார்த்தால் பழையபடி மட்டமாக இருப்பார், நாங்கள் வந்துபோன அடையாளமே இருக்காது.

இரத்தினம்மா ஒரு வழி சொன்னா. “செத்தவீட்டுத் துடக்குச் சாமானெண்டால் என்ன, மஞ்சள் தண்ணி தெளிச்சால் போச்சு. எதுக்கும் அண்ணை, கொஞ்சம் கூடவே தெளியுங்கோ.” அந்தக் கொஞ்சம் கூட என்ற சொல்லால் வந்தது வினை. வளவில் இரண்டு வாங்குப் பலகை போட்டு மெத்தையைக் கிடத்தி, ஒரு வாளி மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஒரு சொட்டுக் கூடக் கீழே விழவில்லை. குடித்துவிட்டது. தெளித்ததை அது காட்டவில்லையே என்று இன்னொரு வாளி. அதையும் குடித்துவிட்டது. புகையிலைக் கன்றுகூட இப்படிக் குடித்து நான் பார்த்ததில்லை. பிறகு தூக்கப் போனோம். நானும் இரத்தினம்மாவும் ஆளுக்கொரு கரையைப் பிடித்துத் தூக்கினால் கரை மட்டும் நீண்டு வந்தது, நடு வரவில்லை. ஒருவழியாக இழுத்து வேலியில் சாத்தினோம். காயுமென்று பார்த்தால், அது நின்ற நிலையில் மெல்ல மெல்ல மடிந்து, வேலியையும் தன்னோடு கூட்டிக்கொண்டு இரத்தினம்மா வளவுக்குள் படுத்துவிட்டது. இப்போது எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் வேலி இல்லை. “எல்லைப் பிரச்சினை உந்த மெத்தையாலைதான் தீர வேணுமெண்டு கிடந்திருக்கு” என்று அவ சொன்னா. அவ சந்தோசப்பட்ட விதத்திலும் எனக்கொரு சந்தேகம் இருக்கிறது, அது வேறு கடிதம்.

வெயிலில் கிடந்து கிடந்து ஒருவழியாகக் காய்ந்தது, மஞ்சள் நிறமாக. அறைக்குள் கொண்டுவந்து கட்டிலில் போட்டேன். அடுத்த நாள் காலை பார்த்தால் கால்மாட்டில் இன்னொரு பள்ளம். சின்னது, வட்டமானது. ஒருவர் போதாதென்று இப்போது குடும்பமாக வருகிறார்கள் என்று நினைத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் காவல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் வேலி இல்லாத வழியால் இரத்தினம்மாவின் செங்கோழி வந்து, என்னைக் கணக்கெடுக்காமல் அறைக்குள் போய், அந்தப் பள்ளத்திலேயே அளவாக உட்கார்ந்தது. இத்தனை நாளும் அடைக்கு இடம் பிடிக்காமல் ஊரெல்லாம் அலைந்த கோழி அது. கோழியின் முகத்தில் அப்படி ஒரு திருப்தியை நான் முன்னொருபோதும் கண்டதில்லை. அதைக் கலைத்துவிட்டுப் பார்த்தேன். ஒரு முட்டை, ஒரு கோழியின் அச்சு. அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. படுக்கிறவரை அப்படியே எழுதி வைக்கிற மெத்தை இது. நானே படுத்து, என் பள்ளத்தையும் அந்தக் கயிற்றையும் வைத்துப் பார்த்தால், வந்தவரைப் பற்றி ஏதாவது பிடிபடும்.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அந்த நேரத்தில் அது களிப் பருவத்தில் இருக்கிறதென்பதை மறந்துவிட்டேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு முதுகு போனது, பிறகு தோள், பிறகு நான் எங்கே முடிகிறேன் மெத்தை எங்கே தொடங்குகிறதென்று தெரியவில்லை. என் முதுகில் இவ்வளவு காலமும் இருந்த நோவு ஒவ்வொன்றாகக் கழன்று எங்கேயோ போனது. அந்தச் சுகந்தான் மச்சான் எனக்குப் பெரிய சந்தேகமாக இருந்தது. உயிரோடு இருக்கிற மனிதனுக்கு இவ்வளவு சுகம் எதற்கு? செத்தவர்கள் இப்படித்தான் இருப்பார்களோ என்று யோசித்து, பயந்து, எழும்பப் பார்த்தேன். எழும்ப முடியவில்லை. கையை ஊன்றினால் கை உள்ளே போனது, காலை ஊன்றினால் கால் போனது. கத்தினேன். வகுப்புக்கு ஆளைக் காணவில்லையே என்று தேடி வந்த நிவேதனா ரீச்சரும், முட்டை தேடி வந்த இரத்தினம்மாவும் ஓடி வந்தார்கள்.

“ஆளையடிச்சுப் போட்டுதே மெத்தை” என்றா இரத்தினம்மா. “அண்ணை, ஆடாதேங்கோ. ஆட ஆடத் தாழுவியள்.”

“அக்கா, உது புதைசேறில்லை” என்றா ரீச்சர்.

“நீர் சும்மா இரும் பிள்ளை. சேறு தன்ரை பேரைச் சொல்லிக்கொண்டே வரும்? கையைப் பிடியும்.”

ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்து என்னை வெளியே எடுத்தார்கள். திரும்பிப் பார்த்தால் நான் அங்கே படுத்திருந்தேன். வாயைப் பிளந்தபடி. அந்தப் பள்ளம் அப்படியே மெல்ல மெல்ல மேலே வந்து மறைவதை நின்று பார்த்தேன். உமது மாமியும் இப்படித்தான் மறைந்திருப்பா என்று நினைத்தேன். கயிற்றை எடுத்து என்னோடு பிடித்துப் பார்த்தோம், என் நெஞ்சு வரைக்குந்தான் வந்தது. வந்தவ கட்டை மனிசிதான், இரத்தினம்மா சொன்னது சரி.

ஆகவே மச்சான், நான் உம்மிடம் நேராகக் கேட்கிறேன். உமது மாமி எவ்வளவு உயரம்? ஒருக்களித்துப் படுக்கிறவவா? முழங்கால் மடக்குகிற பழக்கம் உண்டா? இந்த மெத்தை கடையிலிருந்து வந்ததா, அவவின் அறையிலிருந்து வந்ததா? பிள்ளையார் மேல் ஆணையாக எழுதும். நாளை புதன்கிழமை மீனாம்பிகையை வீட்டுக்குக் கொண்டுவருகிறேன். செத்தவர் படுத்ததென்று தெரிந்துகொண்டு அவளை அதில் நான் கிடத்தமாட்டேன். இடுப்பு உடைந்து மெலிந்து வருகிறவள், அவளைத் தேடி ஒன்றும் வரக்கூடாது. கிழங்குச் சாக்கு மெத்தையின் மேல் இரண்டு பாய், அதன் மேல் நான்கு சீலை மடித்துப் போட்டிருக்கிறேன். புண் வராமல் இரவும் பகலும் பக்கத்தில் இருந்து புரட்டிப் புரட்டி விடுவேன். உமது மெத்தையைத் திருப்பி அனுப்பலாமென்று எமில்ராஜைக் கேட்டேன். “ஐயா, அங்கையிருந்து இஞ்சை எல்லாம் வரும். இஞ்சையிருந்து அங்கை ஒடியல் மாவும் மிளகாய்த்தூளும்தான் போகும்” என்று கையை விரித்துவிட்டார். ஆகவே அது பின் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நீர் பதில் எழுதும் வரை அதன் தீட்டு உமது கணக்கில்.

இப்படிக் கேட்டதற்குக் கோபிக்க வேண்டாம். உமது பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல இடத்தில் கலியாணம் முடித்து, நல்ல மெத்தையில் படுத்து நூறாண்டு வாழ வேண்டும். உதயகலாவுக்கு என் அன்பு. காலமான மாமிக்கு என் வணக்கம், எங்கேயிருந்தாலும்.

இப்படிக்கு,
உமது நன்மையையே விரும்பும், சந்தேகம் தீராத
அத்தான் தியாகராசா.

பிற்குறிப்பு. கடிதத்தை ஒட்டவில்லை, அதற்குள் உமது அக்கா வந்துவிட்டாள். அறைக்குள் கொண்டுபோய்ப் பாயும் சீலையும் போட்ட மெத்தையைக் காட்டியதும், “எங்கை தம்பி அனுப்பின மெத்தை?” என்றாள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, மடித்துப் போட்ட சீலைகளை எண்ணத் தொடங்கினாள். நான் கதையை மாற்ற நினைத்து, என் முதல் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறேன் என்றேன். அவளுக்கும் கேட்க ஆசை. உமது மாமியைப் பற்றி எழுதிய இடங்களையெல்லாம் விட்டுவிட்டு, பள்ளத்திலிருந்து நேராகப் பாய்ந்து கோழிக்கு வந்தேன். ஒரு தடக்கும் இல்லாமல்தான் வாசித்தேன். அவள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“இஞ்சாருங்கோ, அந்த இடத்திலை என்ன விட்டனீங்கள்?”

“ஒண்டும் விடேல்லை.”

“உங்களுக்கு எவ்வளவு காலம் காயிதம் வாசிச்சிருக்கிறன். விட்டு வாசிக்கிறதெண்டால் எப்பிடிக் கேக்குமெண்டு எனக்குத் தெரியாதே?”

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நீர் மறுக்க முடியாது. “நீங்கள் கண்டுபிடிச்சது சரி. அது மாமியின்ரை மெத்தைதான். பள்ளம் மட்டும் மாமியில்லை, சுத்திக் கட்டின மடிப்பு. மனிசி கன காலம் கிடந்தும் முதுகிலை ஒரு சின்னப் புண்ணும் வரேல்லையெண்டு தம்பி போனிலை சொன்னவன். குப்பையிலை போடப்போறன் எண்டான். போடாதை, அனுப்பு, அத்தானுக்குச் சொல்லாதை எண்டு நான்தான் சொன்னனான். அப்ப நான் விழவும் இல்லை. உங்கடை முதுகுக்குத்தான் கேட்டனான். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி எத்தினை முனகல் முனகிறியள், எனக்குக் கேளாதே?”

நான் துடக்கைப் பற்றிச் சொல்லப் போனேன். “மாமி அதிலை நிம்மதியாத்தானே போனவ. நான் அதிலை நிம்மதியா இருந்திட்டு எழும்புறன். கொண்டுவாங்கோ” என்றாள். இரத்தினம்மாவும் நானும் கொண்டுவந்து போட்டோம். அவளைக் கிடத்தினோம். மெத்தை கொஞ்சம் யோசித்தது, பிறகு அவளை வாங்கிக்கொண்டது. இப்போது நித்திரை. ஆஸ்பத்திரியில் ஒரு நாளும் இப்படி நித்திரை கொண்டு நான் காணவில்லை.

ஆகவே மேலே எழுதிய அத்தனையையும் வாசித்ததாக வைத்துக்கொள்ள வேண்டாம். கிழித்துவிட்டுத் திரும்ப எழுதலாம், ஆனால் நான் எழுதுகிற கதிக்கு நல்லூர்த் திருவிழாவுக்கே கொடியேறிவிடும், அதோடு எழுத்து வடிவாக வந்திருக்கிறது. மாமியின் உயரத்தை எழுத வேண்டாம். பிள்ளையார் மேல் ஆணையும் வேண்டாம். மெத்தை இரண்டு பேருக்கு இடம் காணும் என்றும், மற்றக் கரையில் என்னைப் படுக்கச் சொல்லியும் அவள் நித்திரைக்கு முன் சொல்லியிருக்கிறாள். எனக்குச் சந்தேகம் முழுதாக இன்னும் போகவில்லை. ஆகையால் ஒன்றை மட்டும் கெதியாக எழுதும், மற்றதெல்லாம் பிறகு பார்ப்போம். மாமி வழக்கமாக எந்தக் கரையில் படுத்தவ?